படித்தது ஏன் மறக்கிறது? – மனன உத்திகளும் சுய அறிதுயிலும்



"சேர், வீட்டில் எல்லாவற்றையும் பாடமாக்கினேன். மண்டபத்திற்குள் போனதும் ஒன்றுமே வரவில்லை." பரீட்சைக் காலத்தில் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. இவ்வாறு கூறும் மாணவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அவர்கள் உண்மையாகவே படித்திருப்பார்கள். இரவு பதினொரு மணிவரை மேசையில் இருந்திருப்பார்கள். ஒரே பாடத்தை ஐந்து தடவை, ஆறு தடவை வாசித்திருப்பார்கள். ஆயினும் வினாத்தாள் கைக்கு வந்ததும் மனம் வெறுமையாகி விடுகிறது. பெறுபேறு வந்தபின் "என் மூளை களிமண்" என்று தம்மையே நொந்துகொள்கிறார்கள். சிலர் அத்துடன் கல்வியையே கைவிட்டு விடுகிறார்கள்.

இதில் பெரும்பாலும் குறை மூளையில் இல்லை. படிக்கும் முறையிலேயே உண்டு. முறையைத் திருத்தலாம். க.பொ.த. (சா/த) பரீட்சைக்குத் தோற்றவுள்ள நீங்கள் ஒன்பது பாடங்களை நினைவில் வைத்திருக்க வேண்டியவர்கள். அதற்கு உதவக்கூடிய மனன உத்திகளையும், மனதை ஒருமுகப்படுத்தும் வழிகளையும், பலராலும் தவறாக விளங்கிக் கொள்ளப்பட்டுள்ள சுய அறிதுயில் பயிற்சியையும் எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நினைவு எவ்வாறு இயங்குகிறது?

நினைவு மூன்று படிகளைக் கொண்டது.

(அ) பதித்தல் – கேட்பதையும் பார்ப்பதையும் மூளை உள்வாங்குதல்.
(ஆ) சேமித்தல் – உள்வாங்கியதை வைத்திருத்தல்.
(இ) நினைவுகூரல் – தேவைப்படும்போது அதை வெளியே எடுத்தல்.

கவனமின்றி வாசித்தால் முதலாவது படியே நிகழாது. கண் எழுத்தின்மீது செல்லும்; மனம் கிரிக்கெட் மைதானத்தில் நிற்கும். அவ்வாறு வாசித்தவை "மறந்துபோனவை" அல்ல. அவை ஒருபோதும் பதியாதவை. இரண்டாவது படிக்கு மீட்டலும் நித்திரையும் தேவை. மூன்றாவது படிக்குப் பயிற்சி தேவை. வீட்டில் ஒரு தடவையேனும் நூலைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகாதவர், மண்டபத்தில் முதன்முறையாக அதைச் செய்ய முனைகிறார். நீந்திப் பழகாமல் ஆழமான குளத்தில் இறங்குவதற்கு இது ஒப்பானது.

"மனிதன் தனது மூளையில் பத்து வீதத்தையே பயன்படுத்துகிறான், மீதியைத் திறந்துவிடலாம்" என்று சில விளம்பரங்கள் கூறுவதுண்டு. இது தவறான கூற்றாகும். மூளையின் எல்லாப் பகுதிகளும் தத்தமது தொழிலைச் செய்துகொண்டே இருக்கின்றன. பூட்டிக் கிடக்கும் அறை எதுவும் அங்கு இல்லை. இத்தகைய வாக்குறுதிகளை நம்பி உங்கள் பெற்றோரின் பணத்தை வீணாக்க வேண்டாம்.

2. மறதியை அளந்தவர்

ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் உளவியலாளர் தன்னையே சோதனைப் பொருளாகக் கொண்டு மறதியை அளந்தார். பொருளற்ற அசைகளைப் பட்டியலாக்கி மனனம் செய்தார். குறிப்பிட்ட காலத்தின் பின் அதே பட்டியலை மீண்டும் மனனம் செய்ய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தார். முதல் தடவையுடன் ஒப்பிடுகையில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறதோ, அந்த அளவுக்கு நினைவு எஞ்சியுள்ளது என்பது அவரது கணக்கு. 1885ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட முடிவுகளின்படி 20 நிமிடத்தின் பின் 58 வீதமும், ஒரு நாளின் பின் சுமார் 34 வீதமும், ஒரு மாதத்தின் பின் சுமார் 21 வீதமும் மிச்சமாயின.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று, மறதி முதல் நாளிலேயே மிக வேகமாக நிகழ்கிறது, அதன்பின் மெதுவாகிறது. மற்றையது, முற்றாக மறந்துவிட்டோம் என்று நினைக்கும்போதும் சிறிதளவு எஞ்சியிருக்கிறது. அதனாலேயே இரண்டாம் தடவை படிப்பது இலகுவாகிறது. எபிங்ஹவுஸ் பயன்படுத்தியவை பொருளற்ற அசைகள். பொருள் விளங்கிப் படிக்கும் பாடம் இவ்வளவு விரைவாக மறப்பதில்லை. எனவே விளங்கிக்கொள்வதே முதலாவது மனன உத்தி.

மறதி முதல் நாளிலேயே வேகமாக நிகழ்வதால் மீட்டலும் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். உதாரணமாக, திங்கட்கிழமை விஞ்ஞான பாடத்தில் குருதிச் சுற்றோட்டம் கற்பிக்கப்பட்டது எனக் கொள்வோம்.

• திங்கள் இரவு – 10 நிமிடம்
• செவ்வாய் – 5 நிமிடம்
• வெள்ளி – 5 நிமிடம்
• அடுத்த வெள்ளி – 5 நிமிடம்
• ஒரு மாதத்தின் பின் – 5 நிமிடம்

மொத்தம் 30 நிமிடம். இதே 30 நிமிடத்தைப் பரீட்சைக்கு முதல்நாள் ஒரே மூச்சில் செலவிடுவதிலும் பார்க்க இவ்வாறு இடைவெளி விட்டுச் செலவிடுவது நீண்டகால நினைவுக்குப் பெரிதும் உதவும். பரீட்சைக்கு முதல்நாள் படிப்பது மீட்டலாக இருக்க வேண்டுமே தவிர, புதிதாகக் கற்பதாக இருத்தலாகாது.

3. நூலை மூடுங்கள்

பல தடவை வாசிப்பதும் வர்ணப் பேனையால் கோடிடுவதும் நம் மாணவரிடையே மிகவும் பரவலான பழக்கங்கள். அவை படித்த திருப்தியைத் தரும். ஆனால் அந்தத் திருப்தி ஏமாற்றக்கூடியது. வாசித்த பக்கம் கண்ணுக்குப் பழக்கமாகி விடுவதால் "இது எனக்குத் தெரியும்" என்று தோன்றுகிறது. பார்த்ததும் அடையாளம் காண்பது வேறு, பார்க்காமல் எழுதுவது வேறு.

2006ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் றோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியலாளர்கள் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். மாணவர்கள் சிறிய உரைப்பகுதிகள் இரண்டைப் படித்தனர். ஒன்றை மீண்டும் வாசித்தனர். மற்றையதை மீண்டும் வாசிக்காமல், நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது மீள வாசித்த பகுதியில் 81 வீதமும், எழுதிப் பார்த்த பகுதியில் 75 வீதமும் நினைவில் இருந்தன. வாசிப்பே வென்றதாகத் தோன்றியது. ஆனால் ஒரு வாரத்தின் பின் சோதிக்கப்பட்டோரிடம் நிலைமை தலைகீழாகியது. மீள வாசித்ததில் 42 வீதமும் எழுதிப் பார்த்ததில் 56 வீதமுமே எஞ்சின.

உங்கள் பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. வாரங்கள், மாதங்கள் கழித்தே வருகிறது. ஆகவே பின்வருமாறு செய்யுங்கள்.

(அ) ஒரு சிறு பகுதியை ஆறுதலாக, விளங்கி வாசியுங்கள்.
(ஆ) நூலை மூடி, வெற்றுத்தாளில் நினைவில் உள்ளதை எழுதுங்கள். படம் இருப்பின் வரையுங்கள்.
(இ) நூலைத் திறந்து, விடுபட்டவற்றைச் சிவப்புப் பேனையால் சேருங்கள்.
(ஈ) அடுத்த மீட்டலில் சிவப்பில் உள்ளவற்றை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாள் வாங்க வசதி இல்லையெனில் பழைய கொப்பிகளின் வெற்றுப் பக்கங்கள் போதும். தம்பியை அல்லது தங்கையை முன்னால் இருத்திப் பாடம் சொல்லிக் கொடுங்கள், அதுவும் நினைவுகூரலே. கடந்தகால வினாத்தாள்களையும் விடையைப் பார்த்து வாசிக்காமல், நேரம் வைத்து எழுதிப் பாருங்கள்.

4. மனன உத்திகள் மூன்று

பாடமாக்குதல் எமக்குப் புதியதன்று. ஏடுகளிலும் வாய்மொழியிலும் வளர்ந்தது எமது கல்வி மரபு. எண்சுவடியை ஓசையுடன் ஒப்புவித்தும், நிகண்டைச் செய்யுளாக மனனம் செய்தும் மாணவர் கற்றனர். திருக்குர்ஆன் முழுவதையும் மனனம் செய்த ஹாபிழ்கள் எமது ஊர்களில் இன்றும் உள்ளனர். ஒரே வேளையில் பல விடயங்களில் கவனம் செலுத்தி எல்லாவற்றிற்கும் பிழையின்றி விடையளிக்கும் "அவதானக் கலை" தமிழில் இருந்தது. நூறு விடயங்களில் அவ்வாறு செய்பவர் சதாவதானி எனப்பட்டார். பருத்தித்துறையைச் சேர்ந்த மேலைப்புலோலியில் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை அவர்களும், 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலர் அவர்களும் இப்பட்டத்தால் அறியப்பட்டவர்கள். பயிற்சியினால் நினைவு எவ்வளவு தூரம் வளரக்கூடும் என்பதற்கு இவர்கள் சான்று.

4.1 கூறாக்கல்

15051658179618151948. இந்த இருபது இலக்கங்களை ஒரு தடவை வாசித்துவிட்டுக் கூற முடியுமா? மிகவும் கடினம். மனதில் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய உருப்படிகள் சுமார் ஏழு என 1956இல் ஜோர்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார். பிந்திய ஆய்வுகள் அது நான்கு அளவே எனக் காட்டுகின்றன.

இப்போது இலக்கங்களை நான்கு நான்காகப் பிரியுங்கள். 1505 – போர்த்துக்கேயர் வருகை. 1658 – ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிப் போர்த்துக்கேயர் ஆட்சியை முடித்தமை. 1796 – ஆங்கிலேயர் கரையோரத்தைக் கைப்பற்றியமை. 1815 – கண்டி ஒப்பந்தம். 1948 – சுதந்திரம். இருபது உருப்படிகள் ஐந்தாகி விட்டன. இலக்கங்கள் மாறவில்லை, அவற்றிற்குப் பொருள் கிடைத்துள்ளது. நீண்ட பாடம் எதையும் இவ்வாறே மூன்று அல்லது நான்கு கூறுகளாக்கி, ஒவ்வொன்றிற்கும் ஒரு தலைப்பிடுங்கள்.

4.2 முதலெழுத்து வாக்கியம்

வரிசையாக நினைவில் வைக்க வேண்டியவற்றின் முதலெழுத்துகளைக் கொண்டு ஒரு வாக்கியம் அமைத்தல். தாக்குதிறன் குறைந்துசெல்லும் வரிசையில் உலோகங்களை (ஐதரசனுடன்) எடுத்துக்கொள்வோம்: பொற்றாசியம், சோடியம், கல்சியம், மகனீசியம், அலுமினியம், நாகம், இரும்பு, ஈயம், ஐதரசன், செம்பு, இரசம், வெள்ளி, பொன்.

வாக்கியம்: "பொற்கொடி சோறு கறி மச்சம் அவித்து நாலு இலையில் ஈந்தாள்; ஐந்து செம்பில் இளநீர் வெட்டிப் பொழிந்தாள்."

பதின்மூன்று சொற்கள், பதின்மூன்று மூலகங்கள். இங்கு "பொ" இரு தடவையும் "இ" இரு தடவையும் வருவதைக் கவனியுங்கள். முதலில் வருவது பொற்றாசியம், கடைசியில் வருவது பொன். முதலாவது "இ" இரும்பு. ஐதரசனுக்குப் பின்னர் வருவது இரசம். இத்தகைய இடங்களில்தான் மாணவர்கள் தடுமாறுவர். ஆகவே வாக்கியத்தை மட்டும் பாடமாக்காமல், அதிலிருந்து மூலகங்களை எழுதிப் பார்த்துப் பழகுங்கள். உங்கள் பாடநூலில் வேறு உலோகங்களும் தரப்பட்டிருப்பின் அவற்றிற்குரிய சொற்களை நீங்களே நுழையுங்கள். மற்றவர் செய்த வாக்கியத்திலும் பார்க்க நாமே செய்த வேடிக்கையான வாக்கியம் இலகுவில் மறக்காது.

4.3 இட ஞாபக முறை

பண்டைய கிரேக்கரும் உரோமரும் நீண்ட சொற்பொழிவுகளைத் தாளின்றி நிகழ்த்துவதற்குக் கையாண்ட முறை இது. உரோமப் பேச்சாளரான சிசரோ கி.மு. 55இல் எழுதிய நூலில் இதனை விபரித்துள்ளார். 2003இல் லண்டனில் நினைவாற்றல் போட்டியாளர்கள் உள்ளிட்ட 10 பேரை ஆராய்ந்தபோது, அவர்களது பொது நுண்ணறிவு மற்றவர்களதிலும் பார்க்க விசேடமானதாக இருக்கவில்லை. ஆனால் பத்துப் பேரில் ஒன்பது பேர் இந்த முறையையே கையாண்டனர்.

நன்கு தெரிந்த ஓர் இடத்தை மனதில் நடந்து செல்லுங்கள். உங்கள் வீடே போதும்: படலை, முற்றம், கிணற்றடி, விறாந்தை, அடுப்படி. இலங்கையின் அரசியல் யாப்பு வளர்ச்சியில் ஐந்து கட்டங்களை இந்த ஐந்து இடங்களில் வைப்போம்.

• படலை: அதில் சாத்தி வைத்த கோல் ஒன்று ஐந்து துண்டாக முறிகிறது. – கோல்புறூக் சீர்திருத்தம், 1833. நாடு ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது.
• முற்றம்: "டொன், டொன்" என்று மணி அடிக்க, அம்மம்மா முதல் அயலவர் அனைவரும் வாக்களிக்க வரிசையில் நிற்கின்றனர். – டொனமூர் யாப்பு, 1931, சர்வசன வாக்குரிமை.
• கிணற்றடி: சோளம் தின்னும் பரி (குதிரை). அதன் முதுகில் இருவர், முன்னும் பின்னுமாக அமர்ந்திருக்கின்றனர். – சோல்பரி யாப்பு, 1947. இரு சபைகளைக் கொண்ட பாராளுமன்றம்.
• விறாந்தை: பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறார்கள். – முதலாவது குடியரசு யாப்பு, 1972. "சிலோன்" என்ற பெயர் "ஸ்ரீ லங்கா" ஆகியது.
• அடுப்படி: அடுப்பையே மறைத்துக்கொண்டு ஒரு பெரிய நாற்காலி. – இரண்டாவது குடியரசு யாப்பு, 1978. நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி.

கண்களை மூடிப் படலையிலிருந்து அடுப்படிவரை ஒரு தடவை நடந்து பாருங்கள். பின்னர் அடுப்படியிலிருந்து திரும்பி வாருங்கள். படம் எவ்வளவுக்கு வேடிக்கையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நன்றாகப் பதியும். இடையில் வரும் ஏனைய சீர்திருத்தங்களுக்குக் கோழிக்கூடு, மாமரம் என வேறு இடங்களை ஒதுக்குங்கள்.

எச்சரிக்கை: இம்மூன்று உத்திகளும் பெயர், ஆண்டு, வரிசை போன்றவற்றிற்கே பொருத்தமானவை. கணித பாடத்தை இவற்றால் வெல்ல முடியாது. கணக்கைச் செய்து பார்த்தே பழக வேண்டும். "ஏன்?", "எவ்வாறு?" என்னும் வினாக்களுக்கும் விளக்கமே தேவை. கோல் எத்தனை துண்டாக முறிந்தது என்பது நினைவிருந்தாலும், ஐந்து மாகாணங்களாகப் பிரித்ததன் நோக்கம் என்ன என்பதற்குப் பாடத்தை விளங்கியிருந்தாலே விடை எழுதலாம்.

5. மன ஒருமைப்பாடு

"எனக்குக் கொன்சன்ரேசன் இல்லை" என்று கூறும் மாணவன் இரண்டு மணி நேரம் படம் பார்க்கிறான். கண் இமைப்பதே அரிது. ஆகவே கவனிக்கும் ஆற்றல் அவனிடம் உண்டு. அதைப் பாடத்தின்மீது நிறுத்தப் பழகவில்லை என்பதே உண்மை. பின்வரும் பழக்கங்கள் உதவும்.

(அ) ஒரே இடம், ஒரே நேரம். தனியறை வேண்டும் என்பதில்லை. சுவரைப் பார்த்துப் போட்ட ஒரு கதிரையும் போதும். அங்கு இருந்ததும் படிப்பது என்று மனம் பழகிவிடும்.

(ஆ) சிறிய, தெளிவான இலக்கு. "இன்று விஞ்ஞானம் படிப்பேன்" என்பது இலக்கன்று. "25 நிமிடத்தில் ஒளித்தொகுப்புப் பகுதியை வாசித்து, நூலை மூடி எழுதுவேன்" என்பதே இலக்கு. 25 நிமிடம் படித்து 5 நிமிடம் எழுந்து நடவுங்கள். பின்னர் மீண்டும் தொடங்குங்கள்.

(இ) கைத்தொலைபேசியை வேறு அறையில் வையுங்கள். மேசையில் கவிழ்த்து வைத்தாலும் மனதின் ஒரு பகுதி அதனிடமே இருக்கும். பாடக் குறிப்பு அதில்தான் உள்ளதெனில், தேவையானதை முதலில் கொப்பியில் எழுதிக்கொண்டு தொலைபேசியை அகற்றுங்கள்.

(ஈ) பக்கத்தில் ஒரு துண்டுத்தாள். படிக்கும்போது வேறு எண்ணம் வந்தால் – "சைக்கிளுக்குக் காற்று அடிக்க வேண்டும்" – அதை எழுதிவிட்டுப் பாடத்திற்குத் திரும்புங்கள். எண்ணம் வருவது குற்றமன்று; அதன் பின்னால் போவதே நேரத்தைத் தின்னும்.

(உ) நித்திரை. பகலில் கற்றது நித்திரையின்போதே உறுதிப்படுகிறது. உங்கள் வயதினருக்கு எட்டு மணி நேரமாவது நித்திரை தேவை. தேநீர் குடித்து விடியும்வரை விழித்திருப்பவர் சேமித்ததைத் தாமே அழிக்கிறார்.

6. சுய அறிதுயில் – எது உண்மை, எது மாயை?

"ஹிப்னோடிசம்" என்றதும் மேடையில் ஊசலாடும் கடிகாரமும், சொன்னபடி ஆடும் மனிதரும் உங்கள் நினைவுக்கு வரலாம். சுய அறிதுயிலுக்கும் அந்த வேடிக்கைக்கும் தொடர்பில்லை.

1843இல் ஜேம்ஸ் பிறெயிட் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் இதுபற்றி நூல் எழுதினார். நித்திரையைக் குறிக்கும் "ஹிப்னோஸ்" என்ற கிரேக்கச் சொல்லிலிருந்தே இதற்குரிய பெயர் அமைந்தது. ஆனால் இது நித்திரையன்று என்பதைப் பின்னர் அவரே உணர்ந்து, "ஒரே எண்ணத்தில் மனம் நிற்றல்" என்னும் பொருள்படும் வேறு பெயரைச் சூட்ட முனைந்தார். பழைய பெயரே நிலைத்துவிட்டது. எனினும் அவர் விரும்பிய பெயரே உண்மையை நன்கு விளக்குகிறது. உடல் தளர்ந்து, மனம் ஒரே விடயத்தில் ஊன்றி, அவ்வேளையில் கூறப்படும் கருத்துகளை இலகுவாக ஏற்கும் நிலையே அறிதுயில். அதை மற்றவர் துணையின்றித் தாமே உண்டாக்கிக் கொள்வது சுய அறிதுயில். பிரான்சில் மருந்தாளராக இருந்த எமில் குவே (1857–1926) என்பவர், தமக்குத் தாமே நல்ல கருத்தைத் திரும்பத் திரும்பக் கூறும் முறையைப் பிரபலப்படுத்தினார்.

இதனால் முடியாதவை: படிக்காத பாடத்தை மனதிற்குள் கொண்டுவர முடியாது. தூங்கும்போது ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுப் பாடம் கற்க முடியாது. மறந்தவற்றை அறிதுயிலில் துல்லியமாக மீட்கவும் முடியாது. மாறாக, அந்நிலையில் தவறான நினைவையும் சரியென்று உறுதியாக நம்பும் ஆபத்து உண்டு என ஆய்வுகள் காட்டுகின்றன.

முடிந்தவை: பதற்றத்தைக் குறைக்கலாம். படிக்கத் தொடங்குமுன் மனதை அமைதிப்படுத்தலாம். இது சிறிய விடயமன்று. மனதின் முன்வாசலில் இடம் மிகக் குறைவு என்பதை 4.1இல் கண்டோம். "சித்தியடையாவிட்டால் அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்ற பயம் அந்த இடத்தை நிரப்பிவிட்டால் தெரிந்த விடையும் உள்ளே நுழைய முடியாது. பயம் விலகினால் விடை வர வழி பிறக்கும்.

பயிற்சி (சுமார் 10 நிமிடம்)

1. அமைதியான இடத்தில் கதிரையில் நிமிர்ந்து இருங்கள். 10 நிமிடத்திற்கு மணி வையுங்கள்.

2. கண்மட்டத்திற்குச் சற்று மேலே சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளெடுத்து, ஆறு எண்ணும்வரை வெளிவிடுங்கள். இவ்வாறு பத்துத் தடவை. கண் களைத்தால் மெதுவாக மூடுங்கள்.

3. கைகளை இறுகப் பொத்தி ஐந்து எண்ணி விடுங்கள். அவ்வாறே தோள், முகம், வயிறு, கால் என ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துங்கள். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வைத்தியர் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த தளர்வு முறையின் சுருக்கம் இது.

4. பத்துப் படிகள் கொண்ட ஒரு குளக்கட்டில் மெதுவாக இறங்குவதாக எண்ணி, பத்திலிருந்து ஒன்றுவரை எண்ணுங்கள்.

5. நீங்களே தெரிந்தெடுத்த ஒரு வாக்கியத்தை மனதிற்குள் ஐந்து தடவை கூறுங்கள். அது சிறியதாகவும் நம்பக்கூடியதாகவும் உங்கள் செயலைப் பற்றியதாகவும் இருக்கட்டும். "எனக்கு ஒன்பது ஏ கிடைக்கும்" என்பது உங்கள் கையில் இல்லை; மனம் அதை நம்பாது. "நான் பயப்படமாட்டேன்" என்பது பயத்தையே நினைவூட்டும். "வினாவை ஆறுதலாக வாசிப்பேன், தெரிந்ததை முதலில் எழுதுவேன்" என்பது பொருத்தமானது.

6. அதை மனக்கண்ணில் ஒத்திகை பாருங்கள். மண்டபத்தினுள் செல்கிறீர்கள், சுட்டெண் ஒட்டிய மேசையில் அமர்கிறீர்கள், வினாத்தாள் வருகிறது. முதல் வினா கடினமாக உள்ளது. மூச்சை ஒருமுறை நீளமாக விட்டு, அடுத்த வினாவுக்குச் செல்கிறீர்கள். எழுதத் தொடங்குகிறீர்கள்.

7. ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணி, கண்களைத் திறந்து, கைகால்களை நீட்டி எழும்புங்கள். உடனே படிப்பைத் தொடங்குங்கள்.

நாளொன்றுக்கு ஒரு தடவை போதும். முதல் வாரத்தில் பெரிய மாற்றம் தெரியாவிட்டாலும் தொடருங்கள்.

கவனிக்க: பயணம் செய்யும்போதோ, அடுப்பு எரியும்போதோ இதனைச் செய்யலாகாது. வலிப்பு நோயோ மனநலப் பாதிப்போ உள்ளவர்கள் வைத்தியரின் ஆலோசனையைப் பெற வேண்டும். கண்களை மூடியதும் துன்பமான அனுபவங்கள் எழுந்து வருமெனில் உடனே நிறுத்துங்கள். கண்களைத் திறந்தபடி மூச்சுப் பயிற்சியை மட்டும் செய்யுங்கள். இரவில் நித்திரை இன்மை, சாப்பிட மனமின்மை, வாழவே வெறுப்பு என்பன தொடர்ந்தால் அதைப் பரீட்சைப் பயம் என்று எண்ணி மறைக்க வேண்டாம். நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமோ, பாடசாலை ஆலோசனை ஆசிரியரிடமோ, பெற்றோரிடமோ கூறுங்கள். எந்தப் பரீட்சையும் உங்களிலும் பெரியதன்று.

7. பரீட்சை மண்டபத்தில்

• வாயிலில் நின்று "அது படித்தாயா, இது படித்தாயா?" என்று கேட்போரிடமிருந்து சற்று விலகி நில்லுங்கள்.
• அமர்ந்ததும் நீண்ட மூச்சு மூன்று விடுங்கள். வீட்டில் பயின்ற வாக்கியத்தை ஒருமுறை கூறுங்கள்.
• எழுத அனுமதி கிடைத்ததும், நீங்கள் உருவாக்கிய முதலெழுத்து வாக்கியங்களையும் ஆண்டுகளையும் வேலைக்கென ஒதுக்கிய தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.
• இலகுவான வினாவை முதலில் செய்யுங்கள். ஒரு விடை வந்தால் அது மற்ற விடைகளையும் அழைத்து வரும்.
• ஒரு விடை தொண்டைவரை வந்து நின்றால் அதனுடன் போராடாதீர்கள். இடம் விட்டு முன்னே செல்லுங்கள். அது எந்தப் பாடத்தில், எந்தப் பக்கத்தில், எந்தப் படத்திற்கு அருகில் இருந்தது என்று பின்னர் எண்ணிப் பாருங்கள்.

8. உங்களையே சோதியுங்கள்

மாணவர்களே, இக்கட்டுரையை வாசித்து முடித்ததும் "நல்ல கட்டுரை" என்று கூறிப் பக்கத்தைப் புரட்டினால் நாளையே இதன் பெரும்பகுதி மறந்துவிடும். ஆகவே இந்நூலை இப்போதே மூடிவிட்டு, பின்வருவனவற்றிற்கு வெற்றுத்தாளில் விடை எழுதுங்கள்.

1. நினைவின் மூன்று படிகள் யாவை?
2. திங்கட்கிழமை கற்ற பாடத்தை எந்தெந்த நாட்களில் மீட்டல் வேண்டும்?
3. ஈயத்திற்கும் செம்புக்கும் இடையில் வருவது எது?
4. கிணற்றடியில் நின்றது எது? அது எந்த ஆண்டைக் குறிக்கிறது?
5. சுய அறிதுயிலால் முடியாதவை இரண்டு தருக.

விடுபட்டவற்றைச் சிவப்புப் பேனையால் எழுதுங்கள். நாளை மீண்டும் ஐந்து நிமிடம், மூன்று நாட்களின் பின் இன்னொரு ஐந்து நிமிடம். இந்த ஐந்து வினாக்களில் கைவரும் பழக்கம் ஒன்பது பாடங்களிலும் கைகொடுக்கும். உங்கள் மூளை களிமண்ணாகவே இருந்தாலும் வருத்தம் வேண்டாம். பானை வனைவது களிமண்ணில்தான். வனையும் கைக்குப் பழக்கம் வேண்டும், அவ்வளவே.

நீங்கள் சிறப்பாகச் சித்தியடைய வாழ்த்துகிறோம்.